பொறி

தமிழ்ச் சொற்களுட் சில, ஒரு பொருளை மட்டும் சுட்டி அமைந்துவிடாமல், தம்முள் உறவுடைய பல பொருள்களைத் தாங்கி நிற்கும் இயல்பின. 'பொறி' என்னும் சொல் அத்தகையது. நெருப்பினின்று தெறித்து மறையும் துளி பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் புலன்வாயில் ஐந்தும் பொறி. கம்மியர் இயற்றும் இயந்திரம் பொறி. எலியையும் புள்ளையும் அகப்படுத்த வைக்கும் கருவியும் பொறியே. இந்நான்கு பொருளும் ஒரு சொல்லின்கண் வந்து கூடிய வரலாற்றைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறுக. இந்நான்கும் ஒருங்கே நிகழும் ஓர் அரிய செய்தியைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அது பௌதிக நூலார்க்கு உரிய செய்தி. தமிழ் பயில்வார்க்கு அத்துறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். எம் பாட்டனாரின் ஐயமொன்று எம்மை அத்துறையுள் இழுத்துச் சென்றது என்பதே எம் விடை.

எம் தாயைப் பெற்ற பாட்டனார், இன்று கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த கோலார்த் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளராய் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். வடவார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி அவ்வூருக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர். 2001 பிப்ரவரித் திங்களில் அச்சுரங்கங்கள் மூடப்படுவதற்கு முன்னரே அவர் ஓய்வு பெற்றுச் செங்கற்பட்டுக்கு வந்துவிட்டார். இப்போது அகவை எண்பத்து நான்கு. மாலை வேளையில் எம்மைத் துணைக்கொண்டு கொளவாய் ஏரிக்கரைவரை நடந்து, தொடர்வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு பழங்கதை கூறுவார். அக்கதைகளுள் ஒன்று, யாம் சிறுவராய் இருந்த நாள் முதலாகப் பன்முறை கேட்டது.

1964ஆம் ஆண்டின் கடைப்பகுதியில், பம்பாயிலிருந்தும் சப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அறிஞர் சிலர் தங்கவயலுக்கு வந்தனராம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் குழியில், இரண்டு கிலோமீட்டருக்கும் மிக்க ஆழத்தில், அவர்கள் பெரிய பெட்டிகளை நிறுவினராம். அப்பெட்டிகளைக் கூண்டிலேற்றி இறக்கிய ஆட்களுட் பாட்டனாரும் ஒருவர். அவை கறுப்புப் போர்வையால் இறுகச் சுற்றப்பட்டிருந்தன. போர்வையில் ஊசிமுனை அளவு கிழிசல் கண்டாலும் உடனே ஒட்டுப்போட்டார்கள். உள்ளே வெளிச்சம் போகலாகாது என்றார்கள். 'பகலும் இல்லை, இரவும் இல்லை, பாதாளம் அது. விளக்கை அணைத்தால் உன் கையே உனக்குத் தெரியாது. அங்கே கொண்டுபோய் வைக்கிற பெட்டிக்கு வெளிச்சம் படக்கூடாது என்று போர்வை எதற்கப்பா?' என்று அவர் கேட்பார். அந்நாளில் தோழர்களோடு இதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டாம். வந்தவர்கள் பேசியது ஆங்கிலம்; இவர்கள் பேசியது தமிழ். கேட்டாரும் இல்லை, சொன்னாரும் இல்லை. அறுபது யாண்டுகள் கழிந்தன.

இவ்வையத்தை யாம் மறந்தே இருந்தோம். சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், அமாவாசையை அடுத்த ஓர் இரவு, நண்பர் இருவரோடு மாமல்லபுரத்துக் கடற்கரையில் தங்க நேர்ந்தபோதுதான் அது மீண்டும் நினைவுக்கு வந்தது. அவ்வூர்ச் சிற்பங்களைப் பற்றி எழுதாத மாணவர் இலர் ஆதலின் அவற்றை விடுக்கின்றோம். இரவு உணவுக்குப் பின்னர்க் குப்பத்தை அடுத்த மணலில் அமர்ந்திருந்தோம். கரையில் வந்து உடையும் அலையின் மடிப்பில் நீலமான கீற்றொன்று ஓடி மறைந்தது. முதலில் கண்ணின் மயக்கம் என்றே எண்ணினோம். மீண்டும் ஓடிற்று. எழுந்து சென்று ஈர மணலிற் காலை ஊன்றியபோது, அடிச்சுவட்டைச் சுற்றிலும் நீலத் துகள்கள் ஒருகணம் மின்னி அவிந்தன. படகின்மேற் சாய்ந்திருந்த முதிய மீனவர் ஒருவர் எம் ஆரவாரத்தைக் கேட்டு நகைத்து, 'இதற்கே இப்படி வியக்கிறீர்களே, தம்பி! உள்ளே போய்த் துடுப்புப் போட்டால் தண்ணீர் தணலாய் எரியும். மீன் ஓடுகிற தடங்கூடத் தெரியும்' என்றார். 'எல்லா நாளும் எரியுமா, ஐயா?' என்று கேட்டோம். 'இருக்கிற பருவத்தில் நிலாக் காலத்திலும் எரியத்தான் எரியும். நம் கண்ணுக்கு அகப்படாது, அவ்வளவுதான்' என்று விடை கூறினார்.

நேயர் இவ்விறுதி மொழியை நினைவில் வைப்பாராக. யாம் இனிக் கூறப்போகும் ஆராய்ச்சிகளிற் பெரும்பொருள் செலவிட்டுச் செய்யும் வேலையிற் பாதி, அம்முதியவர் கூறிய நிலாவை மறைக்கும் வேலையே.

எம் நண்பருள் ஒருவர் பௌதிகம் பயில்பவர். அவர் கூறியது இது: அந்நீல ஒளி, கடல்நீரில் மிதக்கும் ஓர் உயிரணுவே உடலாகக்கொண்ட சிற்றுயிரின் ஒளி. நீர் அசையும்போது அதன் உடலினுள் நிகழும் இரசாயன மாறுதலால் அது பிறக்கின்றது. அவ்வுயிரின் இலத்தீனப் பெயர் நாக்டிலூக்கா சின்டிலான்ஸ். முற்பகுதி இரவில் ஒளிர்வது என்றும், பிற்பகுதி பொறி சிந்துவது என்றும் பொருள்படும். 2019 ஆகஸ்டுத் திங்களில் திருவான்மியூர் முதலிய கடற்கரைகளில் நீல அலை கண்டு மக்கள் நள்ளிரவில் திரண்டதும் இதனாலேயே. இவ்வளவும் கூறிவிட்டு, 'எங்கள் நூலிலும் இதே பெயருடைய ஒளியொன்று உண்டு. அது உயிரில்லாப் பொருளில் தோன்றுவது. நுண்துகள் ஒன்று பாய்ந்து சென்ற வழியில் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கே தோன்றி மறைவது' என்றார். இலத்தீனத்தில் சின்டில்லா என்பது தீப்பொறியின் பெயராதலின், அவ்வொளியைப் 'பொறியொளி' என்று வழங்கத் துணிந்தோம். இதனினும் நல்ல சொல் அறிந்தார் எமக்கு அறிவிப்பாராக.

தெற்கே கல்பாக்கத்து விளக்குகள் அடிவானில் மங்கலாகத் தெரிந்தன. நண்பர் அத்திசையைச் சுட்டி, 'இப்பொறியொளிக்கு மிகச் சிறந்த பொருள் ஆர்கான். அங்கே அது காவற்காரனாக இருக்கின்றது' என்றார். கல்பாக்கத்தில் 1985ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில், வெப்பத்தைக் கொண்டுசெல்வது நீரன்று; உருகிய சோடியம். சோடியம் காற்றைக் கண்டால் எரியும். நீரைக் கண்டால் வெடிக்கும். ஆதலின் அதற்கு மேலுள்ள வெற்றிடம் முழுதும் ஆர்கான் நிரப்பிக் காற்று அணுகாமற் காக்கின்றனர். ஆர்கான் எதனோடும் கூடாது, எதனோடும் பகைக்காது. யாம் இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அதுவே; உள்ளே வந்து, ஒன்றும் செய்யாது, வெளியே போகின்றது. 1894ஆம் ஆண்டுவரை உலகம் அதனை அறியாது. காற்றினின்று பிரித்த நைட்ரஜன், இரசாயனப் பொருள்களினின்று பெற்ற நைட்ரஜனைவிட இருநூற்றில் ஒரு பங்கு மிக்க எடையுடையதாய் இருத்தலை இராலே பிரபு கண்டார். அச்சிறு வேறுபாட்டை விடாது பற்றிச் சென்று, அவரும் இராம்சே என்பாரும் அவ்வாயுவைக் கண்டுபிடித்தனர். கிரேக்க மொழியில் மடியன் என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர். மடியைக் கடிந்து அதிகாரமே வகுத்த மொழியிற் பிறந்த எமக்கு, மடியே சிறப்பாக அமைந்த ஒரு பொருளைக் கேட்டது புதுமையாய் இருந்தது.

ஊர் திரும்பிய பின்னர், இது பற்றி நண்பரிடமும், அவர் அளித்த நூல்களிடமும், எம் கல்லூரிப் பௌதிக ஆசிரியரிடமும் கேட்டறிந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

பொறியொளியைக் காணுதற்கு ஒரு காலத்தில் மனிதர் கண்ணே கருவியாய் இருந்தது. மான்செஸ்டர் நகரில் ரூதர்ஃபோர்டின் மாணாக்கராகிய கெய்கரும் மார்ஸ்டனும் 1909ஆம் ஆண்டளவில் துத்தநாகக் கந்தகை பூசிய சிறு தகட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியின் முன் வைத்து, ஆல்ஃபாத் துகள் வந்து மோதுந்தோறும் அதில் தோன்றும் ஒளிப்பொட்டை எண்ணினர். எண்ணத் தொடங்குமுன் கண் இருளுக்குப் பழகும்வரை இருட்டறையிற் காத்திருத்தல் வேண்டும். அணுவின் நடுவே சிறியதும் திணியதுமான கரு உண்டு என்ற பேருண்மை, அவ்விருட்டில் விழித்திருந்த கண்களாற் கிடைத்ததே. ஐம்பொறியுள் ஒன்று பொறியை எண்ணிய காலம் அது. பின்னர், ஒளியை மின்சாரமாக்கிப் பன்மடங்கு பெருக்கும் குழல்கள் வந்தன. கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது.

ஆர்கானின் பொறியொளியை எண்ணுதற்கோ கண் எந்நாளும் உதவியிராது. அது ஏன் என்பதே சுவையான பகுதி. ஆர்கானைச் சுழிக்குக் கீழ் 186 பாகைவரை குளிர்வித்தால், நீர்போலத் தெளிந்த திரவமாகின்றது. நீரினும் எடை மிக்கது. மின்னேற்றம் உடைய துகளொன்று அதனுள்ளே பாயும்போது, தன் வழியிலுள்ள அணுக்களைக் கிளறிவிட்டுச் செல்லும். கிளறப்பட்ட அணு தன் மடியை மறந்து அயலிலுள்ள அணுவைப் பற்றிக்கொள்ளும். இயல்பு நிலையிற் கூடாத இரண்டும் கூடிய அவ்விணை நெடிது நில்லாது. பிரியும்போது, பெற்ற ஆற்றலை ஒளியாக விடுத்து, இரண்டும் பழையபடி மடியராகும். தனித்து நிற்கும் ஆர்கான் அணுவுக்கு அவ்வொளியை விழுங்கும் தன்மை இல்லை. ஆகவே திரவம் தன்னிற் பிறந்த ஒளிக்குத் தானே தடையாவதில்லை. பத்து இலட்சம் எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலை ஒரு துகள் அதனுள் இழந்தால், மின்புலம் இல்லாதபோது, ஏறத்தாழ 40,000 ஒளித்துகள்கள் வெளிப்படும். இத்துணை வள்ளன்மை வேறு பொருள்களில் அரிது.

ஆனால் அவ்வொளியின் அலைநீளம் 128 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். எம் கண்ணுக்குப் புலனாவது சற்றொப்ப 400 முதல் 700 வரை. ஆர்கானின் ஒளி ஊதாவுக்கும் அப்பால், வெகு தொலைவில் நிற்பது. அதனைக் காற்று விழுங்கும், கண்ணாடி விழுங்கும், நீர் விழுங்கும். ஒளிபெருக்கிக் குழலின் கண்ணாடி முகத்தைக் கடந்து உள்ளே செல்லவும் அதற்கு இயலாது. வாயிலருகே வந்தும் உள்ளே புகாத விருந்தினர் போல்வது அது.

இதற்கு அறிஞர் கண்ட வழி, ஒளியை மொழிபெயர்த்தல். டெட்ராஃபீனைல் பியூட்டடையீன் என்னும் பொருளை மென்படலமாகச் சுவர்களிற் பூசிவிடுகின்றனர். அப்படலம் 128 நானோமீட்டர் ஒளியை வாங்கிக்கொண்டு, 420 அல்லது 430 நானோமீட்டர் அளவான நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றது. மாமல்லபுரத்து அலையில் யாம் கண்ட நீலத்திற்கு இது சற்றே அண்மையது என்றறிந்தபோது எமக்குச் சிறுமகிழ்ச்சி உண்டாயிற்று. மொழிபெயர்ப்பிற் சுவை சிறிது குறைவது இயல்பே எனினும், பெயர்க்காவிடிற் கேட்பாரே இலர்.

பிரேசில் நாட்டறிஞர் இதனினும் நுட்பமான ஓர் ஏற்பாட்டை இயற்றினர். தட்டையான பெட்டி ஒன்று. அதன் முகத்திலே, குறுகிய அலையுடைய ஒளியை உள்ளே விட்டு, நீண்ட அலையுடையதைத் திருப்பியனுப்பும் கண்ணாடி. வெளியே பூசிய பொருள் ஆர்கானின் ஒளியை ஒருமுறை மாற்றுகின்றது. அது கண்ணாடியைக் கடந்து உள்ளே நுழைகின்றது. உள்ளேயுள்ள தகடு அதனை மற்றொரு முறை மாற்றி அலையை நீட்டிவிடுகின்றது. இப்போது அதே கண்ணாடி சுவராகிவிடுகின்றது. உள்ளே வந்த ஒளி வெளியேற வழியின்றி இங்குமங்கும் மோதி, ஓரத்தில் வைத்த உணர்கருவியில் விழுகின்றது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் அரபூக்கா. தென்னமெரிக்கப் பழங்குடியார் பறவை பிடிக்க வைக்கும் கூண்டின் பெயராம் அது. இதனைக் கேட்ட அன்று இரவு யாம் உறங்கவில்லை. பொறியாகிய ஒளியைப் பொறியாகிய இயந்திரம் தனக்குப் பொறியாகிய கண்ணாகக்கொண்டு, புட்பொறியிற் சிக்கவைக்கின்றது! எம் முன்னோர் நான்கு பொருளுக்கும் ஒரு சொல்லை வைத்தனர். அறிஞர் நான்கையும் ஒரு பெட்டியில் வைத்தனர்.

இவ்வொளியைக் கொண்டு யாது பயன் எனின், இரண்டைக் கூறுவோம்.

ஆர்கானின் இணையணுக்கள் பிரிவதில் விரைந்து பிரிவன ஒருசார், தாழ்த்துப் பிரிவன மற்றொருசார். முன்னவை ஏறத்தாழ ஆறு நானோநொடியில் ஒளி விடுப்பன. பின்னவை அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட காலம் எடுத்துக்கொள்வன. துகளொன்று அணுக்கருவை இடித்துத் தள்ளினால் விரைந்த ஒளி மிகும்; எலெக்ட்ரானைத் தள்ளினால் தாழ்த்த ஒளி மிகும். ஆகவே ஒளி வந்த நடையை வைத்தே, வந்தவர் இன்னார் என்று பிரித்தறியலாம். உலகத்திலே கண்ணுக்குப் புலனாகாத இருட்பொருள் நிரம்பியுள்ளது என்று வானநூலார் கூறுவர். அதன் துகளொன்று என்றேனும் ஓர் ஆர்கான் கருவை இடிக்குமோ என்று காத்திருப்பவர்க்கு இந்நடைவேறுபாடே பெருந்துணை. கனடா நாட்டுச் சுரங்கமொன்றில் மூன்று டன்னுக்கு மேற்பட்ட திரவ ஆர்கானைக் கோளத்தில் அடைத்து, 255 ஒளிபெருக்கிக் குழல்களாற் சுற்றிக் காவலிருந்தனர். இதில் ஒரு தொல்லை: காற்றிலிருந்து எடுத்த ஆர்கானில் ஆர்கான்-39 என்னும் கதிர்வீசும் வகை சிறிதளவு கலந்திருத்தலால், ஒவ்வொரு கிலோகிராமிலும் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றாக வீண்பொறி தோன்றிக்கொண்டே இருக்கும். நிலத்தின் ஆழத்தில் நெடுங்காலம் அடைபட்டிருந்த ஆர்கானில் அது மிகக் குறைவு. அமெரிக்க நாட்டுக் கொலராடோவில் நிலத்தடியிலிருந்து அத்தகைய ஆர்கானை எடுத்து ஓர் ஆய்வுக்குப் பயன்படுத்தியபோது, வீண்பொறி ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைந்தது.

மற்றொரு பயன் காலம் காட்டுதல். அமெரிக்க நாட்டுத் தெற்கு டக்கோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்னும் பழைய தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், ஒவ்வொன்றும் 17,000 டன் திரவ ஆர்கான் கொள்ளும் தொட்டிகளை அமைத்து வருகின்றனர். 1,300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து நிலத்தினூடே வரும் நியூட்ரினோக்களை அங்கே பிடித்தல் கருத்து. இவ்வகைக் கருவியை 1977ஆம் ஆண்டிலேயே கருதியவர் கார்லோ ரூபியா. இதிற் கிளறப்பட்ட எலெக்ட்ரான்கள் மின்புலத்தால் இழுக்கப்பட்டு, மூன்றரை மீட்டர் தொலைவு மெல்ல நகர்ந்து சென்று, துகள் போன வழியின் ஓவியத்தை வரைகின்றன. அவை கடைசிவரை சென்று சேர ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆகும். ஆனால் அவை எப்போது புறப்பட்டன என்று தெரியாவிடில், எத்தனை தொலைவிலிருந்து வந்தன என்று எங்ஙனம் கணிப்பது? ஒளியோ புறப்பட்ட கணமே வந்து 'இப்போது' என்று சொல்லிவிடுகின்றது. ஃபெர்மி ஆய்வகத்து நியூட்ரினோவுக்கு நேரம் முன்னரே தெரியும். விண்மீன் ஒன்று வெடித்து அனுப்பும் நியூட்ரினோ யாரைக் கேட்டு வரும்? 1987ஆம் ஆண்டு பிப்ரவரியில் அண்டை விண்மீன் திரளில் ஒரு மீன் வெடித்தபோது, உலகெங்குமுள்ள கருவிகளில் அகப்பட்ட நியூட்ரினோக்கள் ஏறத்தாழ இரண்டு டசனே. அத்தகைய விருந்தினர் மறுமுறை வரும்போது, வந்த நேரத்தைக் குறித்துவைக்க அவ்வொளியே வாயில்காப்போன். இதன்பொருட்டு ஆர்கானின் தூய்மை பேணல் பெரும்பாடு. பத்து இலட்சத்தில் சில பங்கு நைட்ரஜன் கலந்தாலும் ஒளி மங்கிவிடும்.

இனிக் கோலாருக்கு வருவோம். அங்கே இருந்தது ஆர்கான் அன்று. பொறியொளி தரும் பிளாஸ்டிக்குத் தகடுகள். பொருள் வேறாயினும் செயல் ஒன்றே. வானினின்று மியூவான் என்னும் துகள்கள் ஓயாமற் பொழிந்துகொண்டே இருக்கின்றன. நீட்டிய உள்ளங்கையின் வழியே நொடிக்கொன்றாகப் போய்க்கொண்டிருப்பன அவை. நிலத்துள் இறங்க இறங்க அவை அருகும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் கோலாரிற் படிப்படியாக ஆழம் சென்று அவற்றை எண்ணிவந்தனர். 1961ஆம் ஆண்டளவில் மிக ஆழமான இடத்திற் கருவியை வைத்து ஏறத்தாழ இரண்டு திங்கள் காத்திருந்தும் ஒன்றும் அகப்படவில்லை. வேறொருவராயின் வீண் வேலை என்று மூட்டை கட்டியிருப்பர். அவர்களோ, இத்துணை அமைதியான இடம் கிடைப்பது அரிது, நியூட்ரினோவைத் தேடுதற்கு இதுவே இடம் என்று கண்டனர். மேனன், சிறீகண்டன், நரசிம்மம் முதலிய நம் நாட்டறிஞரோடு ஒசாகாவிலிருந்து மியாக்கேயும், டர்ஹாமிலிருந்து உல்ஃபண்டேலும் கூடினர். தகடுகளைச் சுவர்போல் இருபுறம் நிறுத்தி, நடுவே நியான் குழல்களை அடுக்கினர். மேலிருந்து வரும் மியூவான் செங்குத்தாகவே வரும். பக்கவாட்டில் வருவதாயின் பல கிலோமீட்டர்ப் பாறையைக் கடத்தல் வேண்டும், அது இயலாது. ஆகவே பக்கவாட்டில் ஒரு கீற்றுக் கண்டால், அஃது அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததே ஆதல் வேண்டும். 1965ஆம் ஆண்டில் அத்தகைய கீற்று அகப்பட்டது. ஆகஸ்டுத் திங்களில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வளிமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோவை மனிதர் கண்ட முதற் செய்திகளுள் அது ஒன்று. தென்னாப்பிரிக்காவில் மற்றொரு தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் என்பாரும் அதே ஆண்டில் அதனைக் கண்டார்.

இனிப் போர்வையின் காரணம் விளங்கும். ஒளிபெருக்கிக் குழல் ஒவ்வோர் ஒளித்துகளையும் எண்ணவல்லது. பாட்டனார் தலையிற் கட்டியிருந்த விளக்கின் ஒரு கீற்று உள்ளே நுழைந்தாலும், அரிதாய் வரும் பொறி அதில் மூழ்கிப்போம். கடலோர முதியவர் கூறிய நிலா, சுரங்கத்தில் இவர் தலைவிளக்கே.

இதனை யாம் ஏரிக்கரையில் பாட்டனாருக்குத் தமிழிற் சொல்லிக் காட்டினோம். எளிதாய் இருக்கவில்லை. மியூவான், நியூட்ரினோ என்ற பெயர்களை ஒதுக்கிவிட்டு, மழை, கூரை, ஒழுக்கு என்னும் சொற்களாற் கூறினோம்: 'தாத்தா, வானத்திலிருந்து ஓயாமல் ஒரு மழை பெய்கிறது. அது ஒழுகாத கூரை வேண்டும் என்று உங்கள் குழிக்கு வந்தார்கள். கூரை ஒழுகவில்லை. அப்போது சுவர்ப்பக்கத்திலிருந்து ஒரு துளி தெறித்தது. அந்தத் துளியைக் கண்டு எழுதினார்கள்.' அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், 'அந்தத் துளி விழுந்தபோது வெளிச்சம் வருமா?' என்று கேட்டார். வரும் என்றோம். 'எவ்வளவு?' எனக் கேட்டார். 'உங்கள் பீடி நெருப்பிற் கோடியில் ஒரு பங்குகூட இல்லை' என்றோம். 'அதற்குத்தான் போர்வையா!' என்று தொடையிற் கையை அடித்துக்கொண்டார்.

கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நீர் நிறைந்து கிடக்கின்றன. ஹோம்ஸ்டேக்குச் சுரங்கமும் ஏறத்தாழ அதே காலத்தில் மூடப்பட்டதுதான், அதனை ஆய்வகமாக்கிக்கொண்டனர். நாம் செய்யவில்லை. தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்து மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் முயற்சியும் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் நின்றுபோயிற்று. மலையடிவாரத்து மக்களின் அச்சத்தை அறியாமை என்று எள்ளுவாரோடு யாம் உடன்படோம். அவர்தம் மொழியில், அவர்தம் மழையையும் கூரையையும் கொண்டு, பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று அமர்ந்து சொன்னவர் எத்தனை பேர்? அச்சத்திற்குக் காரணங்கள் பல; இதுவும் ஒன்று என்பது எம் துணிபு. வேலை முற்றும் நின்றுவிடவுமில்லை. உதகையில், கடல்மட்டத்திற்கு 2,200 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 400 பொறியொளித் தகடுகள் வானத்துகள்களை எண்ணி வருகின்றன. 2014 டிசம்பர் முதல் நாள் எழுந்த ஓர் இடிமுகிலின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அறிவித்தவர் அவ்வாய்வகத்தாரே. மதுரையில் 85 டன் இரும்பாலான சிறுமாதிரிக் கருவி ஒன்றுண்டு. அதனைச் சுற்றிப் பொறியொளித் தகடுகளால் வேலி அமைத்து, மேலிருந்து வரும் மியூவான்களை இனங்கண்டு ஒதுக்கிவிட்டால், பெருமலையின்றி ஆழம் குறைந்த இடத்திலேயே இவ்வாராய்ச்சி நடத்த இயலுமா என்று பார்க்கும் முயற்சி அது.

எம் பௌதிக நண்பர் வருகின்ற கோடை விடுமுறையில் மதுரைக்குச் சென்று அதனைக் கண்டுவர விண்ணப்பித்திருக்கின்றார். அண்மையில் அவர் எம் இல்லத்திற்கு வந்தபோது பாட்டனார் அவரை அருகில் இருத்தி, 'அங்கே குழி எத்தனை அடி, தம்பி?' என்று கேட்டார். 'குழியே இல்லை, ஐயா. தரைமேல்தான்' என்றார் நண்பர். பாட்டனார் எம்மைப் பார்த்தார். 'அப்படியானால் போர்வையை இரண்டு சுற்றாகச் சுற்றச் சொல்' என்றார்.